அரை மணியில் தேறிய பெல்ற்: பள்ளிமுனையில் நான்கு நாட்கள்

இந்தப் பயணத்துக்குக் காரணம் கோபம். கடல் பார்க்கவோ காற்று வாங்கவோ நான் மன்னாருக்குப் போகவில்லை. ஆனி மாதத்து ஒரு புதன்கிழமை மாலை, மன்னார்ப் பட்டினத்தை அடுத்த பள்ளிமுனையில் இருக்கும் என் தங்கை ரீற்றா தொலைபேசியில் அழுதாள். மறுநாள் விடிகாலை ஐந்தரை மணிக்குக் கொழும்பில் பஸ் ஏறிவிட்டேன். அங்கே போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் விபரங்களை இடையிடையே தருகிறேன். கோபமும் இடையிடையே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். பள்ளிமுனையில் மீனவர் சங்கத்துக்கு ஓர் உதவித் திட்டம் வள்ளம் திருத்தும் கொட்டில் ஒன்றைக் கட்டிக் கொடுத்திருந்தது. இரும்புச் சட்டம், தகரக் கூரை, வள்ளத்தை மேலே தூக்கச் சங்கிலிக் கப்பி, வள்ளத்தின் அடியில் கொடுத்துத் தூக்க அகலமான செம்மஞ்சள் நிற பெல்ற்றுகள். உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் காலை, தொங்கிக்கொண்டிருந்த ஒரு வள்ளத்தின் மேற்குப் பக்க பெல்ற் அறுந்தது. கீழே கிடந்த வாளியை எடுக்கப் போன மரியதாஸ் என்பவரின் வலது கால் நசிந்து போயிற்று. அந்த வள்ளத்துக்கு பெல்ற் கட்டியவர் என் தங்கையின் கணவர் தத்தேயு. மரியதாசும் அவரும் ஒன்றாகத் தொழில் செய்தவர்கள்.

தத்தேயு இரண்டு பக்கமும் சமனாகக் கட்டவில்லை, ஒரு பக்கத்தை நீளமாக விட்டுவிட்டார், அதனால்தான் வள்ளம் சரிந்து பாரமெல்லாம் ஒரு பெல்ற்றில் விழுந்தது என்று சங்கம் முடிவு கட்டிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கூட்டம் வைத்து அவரைச் சங்கத்தை விட்டு நீக்கப் போகிறார்கள். சங்கம் இல்லை என்றால் பள்ளிமுனையில் வள்ளம் விடக் கரை இல்லை, கரை இல்லை என்றால் தொழில் இல்லை.

"அதைக்கூட விடுங்கோ அக்கா," என்றாள் ரீற்றா. "இப்ப இவரே தன்ர பிழைதான் எண்டு சொல்லத் தொடங்கிட்டார். ராத்திரியில எழும்பி இருந்து கையைப் பாக்கிறார்."

அதைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் ஏறியது. ஏனென்றால், நீளும் பொருட்களைப் பற்றி எனக்குத் தெரியும். அதுதான் என் வேலை. கொழும்பில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் பதினெட்டு வருடமாகப் பொருட்களில் பாரத்தைத் தொங்கவிட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். பிளாஸ்ரிக், கயிறு, ஈயம் என்று எதையும் விடுவதில்லை. ஒரே பாரம், கூட்டாமல் குறைக்காமல் தொங்கும். நாங்கள் நேரத்துக்கு நேரம் போய் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளப்போம். சில சோதனை ஒரு கிழமை, சிலது ஒரு வருடம். கல்யாண வீடுகளில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சம்பளமும் தருகிறார்களா என்று ஒருவர் கேட்டார்.

இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். வீட்டில் நைலோன் கொடி கட்டியிருப்பீர்கள். கட்டிய அன்று கையால் இழுத்துப் பார்த்தால் விறைப்பாக இருக்கும். ஈர உடுப்புப் போட்டாலும் தாங்கும். ஒரு மாதம் போனால் அதே உடுப்பு நிலத்தில் தொடும். யாரும் அவிழ்க்கவில்லை, முடிச்சும் இளகவில்லை. கயிறு தானாக, மெல்ல மெல்ல, கண்ணுக்குத் தெரியாமல் நீண்டிருக்கிறது. வெயில் பட்டால் இன்னும் கெதியாக நீளும். எங்கள் தொழிலில் இதற்குக் கிறீப் என்று பெயர். ஒரு பொருள் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு நேரம் தாங்கும் என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியைக் கேட்க யாருக்கும் பொறுமை கிடையாது.

என் பையில் இரண்டு சட்டை, ஓர் உருக்கு அளவுநாடா, அழியாத மை பேனா, எங்கள் கூடத்தில் நாங்கள் நம்பிப் பாவிக்கும் பொலியெஸ்ரர் பெல்ற் ஒன்று. நடத்துநர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, மாடு கட்டப் போறீங்களோ?" என்றார். நான் சிரிக்கவில்லை.

கொழும்பில் இருந்து மன்னாருக்குப் புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி வழியாக ஏறத்தாழ முந்நூற்றுப் பத்துக் கிலோமீற்றர். அன்று எட்டரை மணி நேரம் எடுத்தது. ரிக்கெற் ஆயிரத்து எழுநூறு ரூபாய். அனுராதபுரத்தில் இருபது நிமிடம் நிற்கும், மலசலகூடம் போக வேண்டுமானால் அங்கேயே போய்விடுங்கள். பகல் பஸ்ஸில் இடது பக்கம் இருந்தால் பிற்பகல் வெயில் முகத்தில் அடிக்கும். வலது பக்கம் இருங்கள். முருங்கன் தாண்டியதும் காற்றின் மணம் மாறும். பிறகு மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதி, இரண்டு பக்கமும் கடல். அன்று தென்மேற்கில் இருந்து அடிக்கும் சோழகக் காற்று பஸ்ஸையே தள்ளியது.

மன்னார் பஸ் நிலையத்தில் இருந்து பள்ளிமுனை கிட்ட. ஓட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கப் போவது ஒரு பழைய பருத்த மரத்தை, ஓட்டோக்காரத் தம்பியும் அந்த வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பெருக்கமரம் பாக்க வந்தனீங்களோ அன்ரி?"

"இல்லை. வள்ளம் திருத்துற கொட்டிலுக்குப் போகவேணும்."

"ஆ, அந்தக் கால் முறிஞ்ச இடமோ? கட்டினவன் சரியாக் கட்டேல்லையாமே. குடிச்சிட்டுக் கட்டினவனாம்."

தத்தேயு வாழ்நாளில் குடித்ததில்லை. கலியாண வீட்டில் சோடாவை விட்டு வேறொன்றைத் தொடாத மனிதர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், ஆனால் இந்தத் தம்பியின் வாயையாவது மூட வேண்டும் போல் இருந்தது. "கட்டினது என்ர தங்கச்சியின்ர மனுசன்," என்றேன். மிச்ச வழியெல்லாம் அவர் கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை. இறங்கும்போது ஐம்பது ரூபாயைத் திருப்பித் தந்தார்.

கொட்டிலில் கால் வைத்ததும் நான் கண்டதை எப்படிச் சொல்வது? அதே சட்டத்தில், அதே செம்மஞ்சள் பெல்ற்றுகளில், இன்னொரு வள்ளம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மனிதரின் கால் நசிந்து இரண்டு மாதம் ஆகவில்லை. கீழே ஒருவர் குந்தியிருந்து சுரண்டிக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் அவர் சுரண்டுகருவியைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். அதே சத்தத்தைக் கேட்டுத்தான் சங்கத் தலைவர் சூசைப்பிள்ளையும் வந்தார். அறுபது வயது, வெள்ளைச் சாரம், கழுத்தில் உத்தரியம். ஊரே அவரைச் சூசை அண்ணை என்றுதான் கூப்பிடும். கோயில் காரியமானாலும் கடல் காரியமானாலும் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"ஆர் பிள்ளை நீங்கள்?"

சொன்னேன். அவருடைய முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"பெல்ற்றில பிழை இல்லை. சோதிச்சுத் தந்தவை. அதைக் காட்டத்தான் என்ர சொந்த வள்ளத்தையே நேற்றுத் தூக்கினனான்."

"இறக்குங்கோ அண்ணை. கும்பிட்டுக் கேக்கிறன்."

"இறக்கினா என்ன கருத்து? பெல்ற்றில பிழை எண்டு கருத்து. பிறகு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஏன்?"

கேட்டீர்களா? வள்ளத்தை இறக்கினால் தத்தேயுவில் பிழை இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அதற்காக அது தொங்க வேண்டும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

பெல்ற்றின் ஓரத்தில் ஒரு சிறிய துணித்துண்டு தைத்திருந்தது. இரண்டு மடங்கு பாரத்துடன் அரை மணி நேரம் சோதிக்கப்பட்டது என்று அச்சடித்து, கீழே ஒரு முத்திரை. அரை மணி நேரம்! அதுவும் குளிரூட்டிய அறையில் என்பதற்கு நான் சத்தியம் செய்வேன். தொட்டுப் பார்த்தேன். வழுவழுப்பு, மெழுகுபோன்ற பிடிப்பு. ஒரு நூலைப் பிரித்து நெருப்புக்குச்சியில் காட்டினேன், மெழுகுதிரி மணம் வந்தது. பொலியெஸ்ரர் இப்படி மணக்காது. இது பொலிபுரொப்பிலீன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கையால் இழுத்தாலும் ஒன்றுதான். அரை மணிச் சோதனையிலும் இரண்டும் தேறும். தொங்கவிட்டு வெயிலில் மறந்தால் மட்டும் ஒன்று நீளும், மற்றது நீளாது.

வள்ளத்தைத் தூக்கி உடனே இறக்குவது என்றால் இந்த பெல்ற்கூடப் போதும். ஆனால் பள்ளிமுனையில் அப்படியா நடக்கிறது? சனிக்கிழமை தூக்கிய வள்ளம் திங்கள்தான் இறங்கும். ஞாயிறு கடலுக்கும் போவதில்லை, கருவியும் தொடுவதில்லை. பெரிய கிழமை என்றால் இன்னும் மோசம். பெரிய வியாழன் மாலையில் இருந்து உயிர்த்த ஞாயிறு முடியும்வரை சுத்தியல், ஆணி, சங்கிலி எதிலும் கை வைக்க மாட்டார்கள். பெரிய வெள்ளியில் ஆணி அடிப்பதை இங்கே நினைத்தும் பார்க்க முடியாது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை, நானும் அந்த வேதம்தான். ஆனால் பெல்ற் கொடுத்தவர்கள் இங்கே ஒரு தடவை வந்து, வள்ளம் எவ்வளவு நேரம் தொங்கும் என்று ஒருவரிடம் கேட்டிருந்தால் போதுமே! கேட்கவில்லை. படம் எடுத்தார்கள், நாடா வெட்டினார்கள், போய்விட்டார்கள்.

வீட்டுக்குப் போனேன். தத்தேயு கதிரையில் இருந்தார், எழுந்து நிற்கக்கூட மறந்து. "நான் சமனாத்தான் கட்டினனான் அக்கா," என்றார். அடுத்த மூச்சில், "இல்லை, கட்டேல்லையாக்கும்," என்றார். அறுந்த பெல்ற்றைப் பார்க்கலாமா என்று கேட்டேன். உதவித் திட்டத்தின் அலுவலகத்தில், இங்கத்தைய பேச்சில் கந்தோரில், இருந்து வந்த ஐயா பார்த்துவிட்டுத் தருவதாகக் கொண்டுபோனவராம். அவ்வளவுதான். இனி அது எந்தக் குப்பைக்குள் கிடக்கிறதோ.

அன்று பின்னேரமே திரும்பப் போய்ச் சூசை அண்ணையைப் பிடித்தேன். "பெல்ற்றில பிழை இல்லையெண்டால் ஒரு சோதனைக்கு என்ன பயம்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவருக்குச் சுட்டது. களஞ்சியத்தில் இருந்து பிரிக்காத புது பெல்ற் ஒன்றை எடுத்துத் தந்தார்.

"நான் கட்ட மாட்டன். தத்தேயுவும் தொடமாட்டான். நீங்களே கட்டுங்கோ, நீங்களே அளவுங்கோ," என்றேன்.

அவர் கட்டினார். சும்மா சொல்லக் கூடாது, என்ன அழகான கட்டு! சட்டத்தின் மேற்கு ஓரத்தில், வெயில் விழும் பக்கம், அவருடைய பெல்ற்றும் நான் கொண்டுபோன பெல்ற்றும் பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றிலும் முடிச்சுக்குத் தள்ளி, நடுவில், ஒரு மீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு கீறச் சொன்னேன். "முடிச்சு இறுகினாலும் இளகினாலும் இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவில ஒண்டும் நடக்காது. இது நீண்டால் பெல்ற்தான் நீளுது," என்றேன். அவர் தலையை ஆட்டவில்லை, ஆனால் கோட்டை இரண்டாம் முறை கவனமாகக் கீறினார். ஒவ்வொன்றின் நுனியிலும் வெறும் எண்ணெய்ப் பரல் ஒன்றைத் தொங்கவிட்டு, வாளி வாளியாகக் கடல்நீர் ஊற்றினோம். ஒன்று இருநூறு கிலோ வரும். நானூறு கிலோ வள்ளத்தை இரண்டு பெல்ற் தாங்கும்போது ஒன்றுக்கு வரும் பாரம் அதுதான்.

நிரம்பிய கையோடு அவரே அளந்தார். சங்கத்து பெல்ற் நூற்று நாலு சென்ரிமீற்றர், என்னுடையது நூற்றொன்று. பாரம் ஏறியதும் கொஞ்சம் இழுபடுவது எல்லாவற்றுக்கும் இயல்பு. "இனி?" என்றார். "இனி ஒண்டுமில்லை. ஞாயிறு காலமை பாப்பம்," என்றேன். ஒரு சண்டையை எதிர்பார்த்து வந்தவருக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும். தொங்கும் வள்ளத்தைச் சுற்றி நான் கயிறு கட்டி, ரீற்றாவின் சிவப்புத் துவாயைக் கிழித்து முடிந்து, யாரும் உள்ளே போகாதபடி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

இந்தச் சோதனையில் மிகக் கடினமான பகுதி சும்மா இருப்பது. அதிகம் தொட்டுப் பார்த்தால் சோதனை கெடும், பக்கத்திலேயே நின்றால் நான் கெடுவேன். அதனால் வெள்ளிக்கிழமை தலைமன்னாருக்குப் போனேன். மன்னாரில் இருந்து முப்பது கிலோமீற்றர் அளவு, பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், நூற்றைம்பது ரூபாய். பழைய இறங்குதுறையும் வெளிச்சவீடும் பார்க்கலாம். நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். கடல் அழகாகத்தான் இருந்தது. எனக்கு அதோடு கோபம் ஒன்றுமில்லை, ஆனால் பார்க்கவும் மனம் வரவில்லை. பெருக்கமரத்தையும் பார்த்தேன், பெரிய மரம். அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அன்று பின்னேரம் தத்தேயு என்னோடு கொட்டிலுக்கு வந்தார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாம். உள்ளே வரவில்லை, வெளியில் நின்றார். நான் அளந்தேன். சங்கத்து பெல்ற் நூற்றெட்டு. என்னுடையது அதே நூற்றொன்று. அவர் கிட்ட வந்தார். பிறகு தொங்கும் வள்ளத்தைப் பார்த்தார். அதன் மேற்குப் பக்கம், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும் அளவுக்கு, இறங்கியிருந்தது.

"அண்டைக்கும் இப்பிடித்தான் அக்கா," என்றார்.

"எண்டைக்கு?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் விடவில்லை. கடைசியில் சொன்னார். பெரிய புதன் அன்று கட்டித் தூக்கியபோது வள்ளம் சமனாக நின்றதாம். பெரிய வெள்ளி சிலுவைப்பாதை முடிந்து வரும்போது எட்டிப் பார்த்திருக்கிறார். மேற்குப் பக்கம் நாலு விரல் இறங்கியிருந்ததாம். ஓடிப்போய்ச் சூசை அண்ணையிடம் இறக்குவோம் என்று சொல்லியிருக்கிறார்.

"அவர் என்ன சொன்னவர்?"

"இண்டைக்கு ஒண்டிலயும் கை வையாதை, திங்கள் பாப்பம் எண்டவர்."

இறக்க வேண்டாம் என்று தடுத்தவரே, இறக்கச் சொன்னவரை நீக்கக் கூட்டம் கூட்டுகிறார்! "இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்ல?" என்று கத்தினேன்.

"பெரிய வெள்ளியில சொன்னதை எப்பிடி அக்கா பிழை எண்டு சொல்லுறது? அவர் சொன்னது எங்கட வழக்கம்தானே. நானும் ஓமெண்டுதானே வந்தனான். நீங்களும் சொல்லக்கூடாது. என்னில ஆணை."

அந்த ஆணைக்குக் கட்டுப்பட எனக்கு மனமே இல்லை. ஆனால் ஒன்று நடந்தது. அன்று இரவு அவர் கையைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லையாம், படுத்து நித்திரை கொண்டாராம். ரீற்றா காலையில் சொன்னாள்.

சனிக்கிழமை விடத்தல்தீவுக்குப் போனேன். அங்கேயும் அதே திட்டம் ஒரு கொட்டில் கட்டியதாகக் கேள்விப்பட்டேன். தாம்போதி தாண்டிப் பாப்பாமோட்டை வழியாகப் பூநகரி வீதியில் பஸ், ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு, நூற்றிருபது ரூபாய். திரும்பி வர பின்னேரம் பஸ் குறைவு, நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு இறங்குங்கள். கொட்டில் இருந்தது, வள்ளம் இல்லை. நிழலில் ஒருவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். செம்மஞ்சள் பெல்ற் எங்கே என்று கேட்டேன்.

"அதோ? அது இழுபடுற சாமான் அக்கா. ஒரு கிழமையில வள்ளம் நிலத்தில குந்திட்டுது. அந்தா பாருங்கோ, ஆடு கட்டியிருக்கிறம்."

உண்மையாகவே ஓர் ஆடு அந்த பெல்ற்றில் நின்று என்னைப் பார்த்தது.

"ஒருதருக்கும் சொல்லேல்லையோ?"

"ஏன் சொல்லேல்ல? கந்தோர் ஐயாமார் வரேக்க காட்டினனாங்கள். ஓம் ஓம் எண்டு எழுதிக்கொண்டு போனவை."

"எப்ப?"

அவர் யோசித்தார். "தவக்காலம் தொடங்க முந்தி."

தவக்காலம் தொடங்க முந்தி. மரியதாசின் கால் நசிந்தது தவக்காலம் முடிந்த பிறகு. இடையில் ஆறேழு கிழமை. ஒரு தொலைபேசி அழைப்புப் போதும், பள்ளிமுனைக் கொட்டிலில் பெல்ற்றை மாற்ற. அதைச் செய்யவில்லை. விபத்துக்குப் பிறகு வந்து, அறுந்த துண்டை மட்டும் கவனமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் குடிக்கத் தண்ணீர் தந்தார். நான் அழுததாக அவர் நினைத்திருப்பார். அது அழுகை இல்லை. அந்தக் கந்தோர் ஐயா என் முன்னால் நின்றிருந்தால் அவரைத்தான் பரலோடு தொங்கவிட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் போகுமுன் மிச்ச விபரங்களைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் இராது. தங்குவதற்கு மன்னார்ப் பட்டினத்தில் சிறிய விடுதிகள் உண்டு, மின்விசிறி அறை நான்காயிரத்துக்குள் கிடைக்கும். சோழகக் காலத்தில் மண் கண்ணுக்குள் அடிக்கும், கண்ணாடி போடுங்கள். பறவைகள் பார்க்க வேண்டுமானால் மாரிக்குப் பிறகு வாருங்கள். ஞாயிறு காலையில் மீன் வாங்கலாம் என்று பள்ளிமுனைக்கு வராதீர்கள், இராது. கழுதைகளுக்கு வழி விடுங்கள், அவை உங்களுக்கு விடமாட்டா.

ஞாயிறு பூசை ஆறரைக்கு. எட்டரைக்குக் கொட்டிலில் நாற்பது பேர் அளவில் கூடிவிட்டார்கள், எல்லாரும் பூசை உடுப்பில். மரியதாசின் மனைவி பிலோமினாவும் வந்திருந்தார். இரண்டு மாதமாக ஆஸ்பத்திரி வாசலில் தத்தேயுவை மறித்துத் திருப்பி அனுப்பியவர் அவர்தான். அவரைப் பிழை சொல்ல மாட்டேன், அவருக்கு யாரோ ஒருவரில் கோபிக்க வேண்டியிருந்தது. தத்தேயுவை ரீற்றா கையில் பிடித்துக் கூட்டிவந்தாள். அவர் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றார்.

சூசை அண்ணை அளவுநாடாவை எடுத்தார். ஒரு தடவை அளந்தார். சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். மூன்றாம் தடவை, தான் கீறிய கோடுதானா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

"நூற்றுப் பதினொண்டு," என்றார்.

மற்றதை அளந்தார். நூற்றொன்றும் இரண்டு மில்லிமீற்றரும்.

யாரோ ஒருவர், "பெல்ற் எண்டால் இழுபடும்தானே. அதுக்கென்ன?" என்றார்.

"அதுக்கென்னவோ?" நான் வெடித்தேன். "ஒரு மீற்றரில ஏழு சென்ரிமீற்றர், மூண்டு நாளில, ஒருதரும் தொடாமல். கட்டினது உங்கட தலைவர், அளந்தது உங்கட தலைவர். வள்ளத்துக்குக் கீழ போறது நாலு மீற்றர் பெல்ற். கணக்குப் பாருங்கோ. வெயில் பட்ட பக்கம் கூட நீளும். வள்ளம் சரியும். பாரம் ஒரு பக்கம் போகும். பிறகு அறும். நான் சொல்லுறதை நம்ப வேண்டாம். திரும்பி அந்த வள்ளத்தைப் பாருங்கோ!"

நாற்பது தலையும் திரும்பியது. தலைவரின் வள்ளம், அவர் தன் கையால் சமனாகக் கட்டிய வள்ளம், மேற்குப் பக்கம் நாலு விரல் அளவு தாழ்ந்து தொங்கியது. பின் வரிசையில் இருந்தவர்களுக்கும் தெரிந்தது.

அந்தப் பெரிய வெள்ளிக் கதை என் நாக்கின் நுனியில் நின்றது. தத்தேயு தூரத்தில் நின்று என்னையே பார்த்தார். தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று. என் பல்லை நானே கடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் நான் வாயை மூடிய தருணங்கள் குறைவு. இது ஒன்று.

சூசை அண்ணை அளவுநாடாவைச் சுருட்டி என்னிடம் தந்தார். பிறகு, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"பெரிய வெள்ளியண்டு தத்தேயு என்னட்டை வந்தவன். வள்ளம் நாலு விரல் இறங்கியிருக்கு, இறக்குவம் எண்டவன். நான்தான் கை வையாதை எண்டு அனுப்பினனான்."

பிலோமினா முக்காட்டை வாயில் வைத்தார்.

சூசை அண்ணை சங்கிலிப் பக்கம் நடந்தார். பூசைச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்தார். சங்கிலியில் கை வைத்தார்.

"அண்ணை, இண்டைக்கு ஞாயிறு," என்றது ஒரு குரல்.

"ஓம், ஞாயிறுதான்," என்றார். பிறகு கூட்டத்துக்கு மேலால் பார்த்து, "தத்தேயு! அங்கை நிண்டு என்ன பாக்கிறாய்? வந்து மற்றப் பக்கம் பிடி," என்றார்.

தத்தேயு வந்தார். ஆட்கள் விலகி வழி விட்டார்கள். இருவருமாகச் சங்கிலியை விட, வள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மணலில் அமர்ந்தது. அதற்குப் பிறகு கூட்டம் என்று ஒன்று நடக்கவே இல்லை.

பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர் நேரம். பிலோமினா தானே தத்தேயுவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். மரியதாஸ் கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். தன் நண்பரை வாசலில் மறித்த கதை அவருக்குத் தெரியாது. "ஏன்ரா இவ்வளவு நாளும் வரேல்ல?" என்றுதான் முதலில் கேட்டார். தத்தேயு கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிலோமினா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நல்ல முடிவு என்று நினைக்கிறீர்களா? எனக்குக் கோபம் ஆறவில்லை, ஆற விடவும் மாட்டேன். மரியதாஸ் நடப்பார், ஆனால் ஆடும் வள்ளத்தில் இனி நிற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சூசை அண்ணை நாற்பது பேர் முன்னால் தன் பிழையைச் சொன்னார். தத்தேயு தன்னுடையது அல்லாத பிழையைக்கூடச் சுமந்தார். துணித்துண்டில் முத்திரை குத்தியவர்களும், விடத்தல்தீவில் எழுதிக்கொண்டு போனவர்களும் இன்றுவரை ஒரு சொல் சொல்லவில்லை. திங்கட்கிழமை பஸ்ஸில் இருந்தே கந்தோருக்கு அழைத்தேன். "விதிப்படி சோதித்துத்தான் கொடுத்தோம் மிஸ்," என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். இப்போது இன்னொரு கரையோரத்தில் கொட்டில் கட்டுகிறார்களாம்.

ஆகவே, மன்னாருக்குப் போகிறவர்களுக்கும் போகாதவர்களுக்கும் என் கடைசி ஆலோசனை இதுதான். உங்கள் ஊருக்கு யாராவது சோதித்தது என்று சொல்லித் தலைக்கு மேல் எதையாவது தொங்கவிட வந்தால், எவ்வளவு நேரம் தொங்கவிட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அரை மணி என்று சொன்னால், கட்டித் தூக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு கதிரை கொண்டுவந்து அதற்குக் கீழே போட்டு, அவர்களையே திங்கட்கிழமை வரைக்கும் இருக்கச் சொல்லுங்கள்.